மறையும் ஊர்களின் திரைக்கலைஞர்

சீனாவில் 1978ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தம் மக்கள் வாழ்வை விரைந்து மாற்றியது. புதிய சாலைகளும் ஆலைகளும் உயர்ந்தன. பழைய தெருக்கள் பல இடிக்கப்பட்டன. அம்மாற்றத்தின் வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலாமல் பின்தங்கிய எளிய மனிதர்களைத் திரையில் பதிவு செய்தவர் இயக்குநர் ஜியா ஜாங்கே.

இவர் ஷான்சி மாநிலத்தின் ஃபென்யாங் என்னும் சிறுநகரில் 1970ஆம் ஆண்டு பிறந்தார். இளமையில் ஓவியம் பயின்றார். சென் கைகே இயக்கிய 'மஞ்சள் நிலம்' என்னும் படம் இவரைத் திரைத்துறையின்பால் ஈர்த்தது. 1993ஆம் ஆண்டு பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியில் சேர்ந்து திரைப்படக் கோட்பாடு பயின்றார்.

அக்காலச் சீனாவில் அரசின் ஒப்புதல் பெற்ற படங்களே திரையரங்குகளில் வெளியாக முடியும். ஒப்புதலை எதிர்பாராமல், குறைந்த செலவில் சிறு குழுவாகப் படம் எடுத்தவர்கள் 'சுயாதீன இயக்குநர்கள்' எனப்பட்டனர். ஜியாவும் அவ்வழியையே தேர்ந்தார். அவருடைய முதல் முழுநீளப் படமான 'சியாவ் வூ' 1997ஆம் ஆண்டு ஃபென்யாங்கின் தெருக்களிலேயே எடுக்கப்பட்டது. தொழில்முறை நடிகர் அல்லாதோர் அதில் நடித்தனர். உரையாடல்கள் வட்டார வழக்கில் அமைந்தன.

அப்படத்தின் நாயகன் ஒரு பணப்பைத் திருடன். அவனோடு முன்பு திருடிய நண்பன் இப்போது ஊர் போற்றும் வணிகன்; தன் திருமணத்திற்கு அவனை அழைக்க மறுக்கிறான். இறுதிக் காட்சியில் நாயகன் கைவிலங்கோடு தெருவோரம் அமர்த்தப்படுகிறான். கூடி நின்று வேடிக்கை பார்க்கும் மக்களின் பக்கம் ஒளிப்படக்கருவி திரும்புகிறது. குற்றம் யாருடையது என்னும் வினா பார்வையாளரிடமே விடப்படுகிறது.

இப்படம் 1998ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்றது. ஆயினும், தாய்நாட்டின் திரையரங்குகளில் அதற்கு இடமில்லை. சீன மக்கள் திருட்டுக் குறுந்தகடுகள் வழியாகவே ஜியாவின் தொடக்கக்காலப் படங்களைக் கண்டனர். 2002ஆம் ஆண்டு வெளிவந்த தம் படமொன்றில், அத்தகைய தகடு விற்கும் இளைஞனிடம் ஒருவர் 'சியாவ் வூ' படத்தைக் கேட்பதாகக் காட்சி அமைத்து, இந்நிலையை அவர் மெல்லிய அங்கதமாக்கினார்.

2004ஆம் ஆண்டு வெளியான 'உலகம்', அரசின் ஒப்புதலோடு அவர் எடுத்த முதல் படமாகும். இரண்டாண்டுகள் கழித்து வெளிவந்த 'ஸ்டில் லைஃப்' வெனிஸ் விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கத்தைப் பெற்றது. யாங்சி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட மூன்று பள்ளத்தாக்கு அணையால் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அதனால் நீரில் மூழ்கவிருந்த ஃபெங்ஜியே நகரே இப்படத்தின் களம். பதினாறு ஆண்டுகளுக்கு முன் பிரிந்த மனைவியையும் மகளையும் தேடி ஒரு சுரங்கத் தொழிலாளி அங்கு வருகிறான். பத்து யுவான் பணத்தாளில் அச்சிடப்பட்டுள்ள ஆற்றுக்கணவாயின் படத்தையும் தன் கண்முன் விரியும் காட்சியையும் அவன் ஒப்பிட்டுப் பார்க்கிறான். பணத்தாளில் பெருமையோடு நிற்கும் நிலத்தில், வாழ்ந்த மக்களின் வீடுகள் இடிபடுவதை இயக்குநர் உரத்துப் பேசாமல் உணர்த்துகிறார்.

ஒப்புதல் பெற்றுப் படமெடுக்கத் தொடங்கிய பின்னரும் தடைகள் நீங்கவில்லை. 2013ஆம் ஆண்டு கான் விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருது பெற்ற அவருடைய படம் சீனத் திரையரங்குகளில் வெளியாகவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 2017ஆம் ஆண்டு தம் மாநிலத்தின் பிங்யாவ் நகரில் திரைப்பட விழா ஒன்றைத் தொடங்கிப் புதிய இயக்குநர்களுக்கு மேடை அமைத்தார்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாம் எடுத்துச் சேமித்த காட்சிகளையும் இணைத்து, 2024ஆம் ஆண்டு அவர் ஒரு படத்தை வெளியிட்டார். அதில் நடிகை ஜாவ் தாவின் முகத்தில் முதுமை படர்வதையும், அவரைச் சூழ்ந்த ஊர்கள் உருமாறுவதையும் ஒருங்கே காணலாம். இடிக்கப்பட்ட தெருவை எவராலும் மீட்க இயலாது. அங்கு மனிதர் வாழ்ந்தனர் என்னும் உண்மையைக் கலையால் காக்க இயலும் என்பதற்கு ஜியாவின் திரைப்பணி சான்றாகும்.