பெயர் தெரியாமல் செத்த சிறுமி

படிக்க வைப்பதாகச் சொல்லி ஐரோப்பாவுக்கு அழைத்து வரப்பட்ட எட்டு வயது விக்டோரியாவை லண்டனில் டாக்டர்கள் பார்த்தார்கள், போலீஸ் பார்த்தது, அரசு ஊழியர்கள் பார்த்தார்கள். அவளைத் தனியே அழைத்து உட்கார வைத்து விசாரிக்கத்தான் ஆளில்லை.

2000-ம் ஆண்டு பிப்ரவரி 25, வெள்ளிக்கிழமை. வடக்கு லண்டனில் உள்ள ஹாரிங்கே நகராட்சியின் சமூக சேவைத் துறை ஒரு ஃபைலை மூடியது. அன்னா என்ற சிறுமியைப் பற்றிய ஃபைல். கதவைத் தட்டினால் பதில் இல்லை. கடிதம் போட்டும் பதில் இல்லை. குடும்பம் வேறு எங்கோ போய்விட்டது போலும், இனி செய்ய ஒன்றுமில்லை என்பது முடிவு.

குடும்பம் எங்கும் போய்விடவில்லை. ஹாரிங்கேயைச் சேர்ந்த டாட்டன்ஹாமில், அதே ஒற்றை அறை ஃபிளாட்டில்தான் இருந்தது. அன்று பிற்பகல் 3.15-க்கு, நகரின் இன்னொரு பக்கத்தில் இருக்கும் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்தச் சிறுமி இறந்தாள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் அவள் உடலில் 128 காயங்களைக் கணக்கிட்டார். தான் பார்த்த குழந்தை வதைகளிலேயே மிகக் கொடியது இதுதான் என்றார்.

அவள் பெயர் அன்னாவும் இல்லை. விக்டோரியா க்ளிம்பியே. லண்டனில் வாழ்ந்த பத்து மாதங்களில் அவளைப் பற்றி எழுதப்பட்ட எந்த அரசுக் காகிதத்திலும் அந்தப் பெயர் இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரை ஒட்டிய அபோபோவில், 1991 நவம்பரில் பிறந்தவள் விக்டோரியா. ஏழு குழந்தைகளில் ஐந்தாமவள். 1998 அக்டோபரில் அவளுடைய அப்பாவின் அத்தை மரி தெரேஸ் குவாவோ பிரான்சிலிருந்து ஊருக்கு வந்தாள். ஒரு குழந்தையை என்னோடு அனுப்புங்கள், பாரிசில் படிக்க வைக்கிறேன் என்றாள். வசதியான உறவினர் வீட்டில் பிள்ளையைப் படிக்க விடுவது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. நம் ஊர்களிலும்தான் இருக்கிறது: பெரியம்மா வீட்டில் இருந்து படித்தேன், மாமா வீட்டில் வளர்ந்தேன் என்று சொல்லாத குடும்பம் எது? பெற்றோர் நம்பினார்கள். முதலில் குவாவோ தேர்ந்தெடுத்தது அன்னா என்ற வேறொரு சிறுமியை. அந்த வீட்டில் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட் ஏற்கனவே தயாராக இருந்தது. அதில்தான் விக்டோரியா விமானம் ஏறினாள்.

பிரான்சில் அவளைப் பள்ளியில் சேர்த்தது உண்மை. ஆனால் அவள் அடிக்கடி வராமல் போனாள். 1999 பிப்ரவரியிலேயே அந்தப் பள்ளி, குழந்தைக்கு ஆபத்து இருக்கலாம் என்று எச்சரிக்கை அறிக்கை அனுப்பியது. முதல் மணி அடித்தது அங்கேதான். கூடுதலாகப் பெற்றுக்கொண்ட உதவித்தொகையைத் திருப்பிக் கேட்டு பிரெஞ்சு அரசு குவாவோவை நெருக்கிக்கொண்டிருந்த சமயம் அது. ஏப்ரல் 24 அன்று அவள் சிறுமியோடு லண்டனுக்குக் கிளம்பினாள். இங்கிலாந்தில் விக்டோரியா ஒரு நாள்கூடப் பள்ளிக்குப் போகவில்லை.

இரண்டாவது நாளே குவாவோ ஈலிங் நகராட்சியின் படியேறினாள். வீடு வேண்டும், பணம் வேண்டும். தன் மகள் என்று சொல்லிக்கொண்டு விக்டோரியாவையும் பல முறை கூட்டிப் போனாள். அம்மா நன்றாக உடுத்தியிருந்தாள். மகளோ, பஞ்ச நிவாரண விளம்பரங்களில் வரும் குழந்தை போல இருந்தாள். அப்படித் தோன்றியதாக அந்த அலுவலக ஊழியர் ஒருவரே பின்னால் சாட்சியம் சொன்னார். அன்றைக்குத் தோன்றியது தோன்றியதோடு போயிற்று. குவாவோவின் மனு வீட்டு வசதி மனு. குழந்தை அதில் ஓர் இணைப்பு.

ஜூன் மாதம் குவாவோ ஒரு பஸ்ஸில் ஏறினாள். அதை ஓட்டியவன் கார்ல் மேனிங். பழக்கம் மளமளவென்று வளர்ந்து ஜூலை 6 அன்று இருவரும் அவன் ஃபிளாட்டில் குடியேறினார்கள். அதற்குள் ஒரு தூரத்து உறவுக்காரப் பெண், சிறுமியின் காயங்களைப் பார்த்துப் பதறி, பெயர் சொல்லாமல் ப்ரென்ட் நகராட்சிக்குத் தொலைபேசியில் தகவல் கொடுத்திருந்தாள். மூன்று வாரத்துக்கு மேல் கழித்துத்தான் அதிகாரிகள் போய்க் கதவைத் தட்டினார்கள். அந்த விலாசத்தில் அப்போது அவர்கள் இல்லை.

சரியான காரியத்தைச் செய்தவர்கள் சம்பளத்துக்குக் குழந்தைகளைப் பாதுகாக்கும் அதிகாரிகள் அல்ல. பகல் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணியும் அவருடைய மகளும். ஜூலை 13 இரவு விக்டோரியா அவர்கள் வீட்டில் விடப்பட்டாள். உடம்பெல்லாம் காயம். மறுநாள் காலை மகள் அவளை சென்ட்ரல் மிடில்செக்ஸ் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனாள். பரிசோதித்த டாக்டரும் இவை தற்செயலாக ஏற்பட்ட காயங்கள் அல்ல என்றே சந்தேகப்பட்டார். போலீஸ் 72 மணி நேரப் பாதுகாப்பு உத்தரவு போட்டது. உத்தரவு போட்ட போலீஸ் அதிகாரி மருத்துவமனைக்குப் போய்க் குழந்தையைப் பார்க்கவில்லை.

மாலையில் மூத்த டாக்டர் வந்தார். சிரங்கு என்றார். சொறிந்து சொறிந்து வந்த தழும்புகள். குவாவோ சொல்லிவந்த கதையும் அதுவே. பிரெஞ்சு பேசும் சிறுமியை, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு தனியே விசாரிக்க ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. குழந்தை வதை என்ற பிரச்சினை இதில் இல்லை என்று மருத்துவமனையிலிருந்து நகராட்சிக்குக் கடிதம் போயிற்று. பாதுகாப்பு விலக்கப்பட்டு, மறுநாளே விக்டோரியா ஃபிளாட்டுக்குத் திரும்பினாள். அந்த ஒற்றைச் சொல், சிரங்கு, அதன்பிறகு அவள் போன இடமெல்லாம் அவளுக்கு முன்னால் போயிற்று.

பத்தாவது நாள், ஜூலை 24, நார்த் மிடில்செக்ஸ் மருத்துவமனை. இந்தத் தடவை முகம் வெந்துபோயிருந்தது. அரிப்பு தாங்காமல் அவளே தலையில் வெந்நீரை ஊற்றிக்கொண்டாள் என்றாள் குவாவோ. பதின்மூன்று இரவுகள் விக்டோரியா அங்கே இருந்தாள். இங்கிலாந்தில் அவள் சந்தோஷமாக இருந்த நாட்கள் அநேகமாக அவைதான். யாரோ கொடுத்த பிங்க் நிற உடுப்பைப் போட்டுக்கொண்டு வார்டில் சுற்றிச் சுற்றி வருவாள். நர்சுகளுக்கு அவளைப் பிடித்திருந்தது. அவள் உடம்பில் பெல்ட் பக்கிளின் அச்சு இருந்ததையும், குவாவோ வார்டுக்குள் நுழைந்தால் சிறுமி எஜமானி முன் வேலைக்காரி போல விறைத்து நின்றதையும், பயத்தில் ஒருமுறை நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்ததையும் அவர்கள் கவனித்தார்கள். கவனித்ததில் பாதி ரிக்கார்டில் ஏறவில்லை. குழந்தை மனரீதியாக வதைக்கப்படுகிறது என்று சந்தேகித்த மூத்த டாக்டர், வீட்டுக்கு அனுப்பலாம் என்று குறிப்பு எழுதினார். உடல் தேறிவிட்டது என்பது அவர் மனதில் இருந்த அர்த்தம். மேற்கொண்டு விசாரணை நடக்கும் என்று நினைத்தார். படித்தவர்கள் எழுதியிருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

ஹாரிங்கேயின் சமூகப் பணியாளரும் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுப் பெண் போலீசும் ஆகஸ்ட் 4 அன்று ஃபிளாட்டைப் பார்க்கப் போவதாக இருந்தது. சிரங்கு என்று கேள்விப்பட்டதும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் தனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று போலீஸ்காரிக்குப் பயம். ஆகஸ்ட் 6 அன்று விக்டோரியா குவாவோவிடமே ஒப்படைக்கப்பட்டாள்.

அதன்பின் ஆறரை மாதங்கள். சமூகப் பணியாளர் இரண்டு முறை ஃபிளாட்டுக்குப் போனார். இரண்டுமே முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனவை. வீடு சுத்தமாக இருந்தது. மொத்தத்தில் நான்கு சந்தர்ப்பங்களில் அவர் விக்டோரியாவைப் பார்த்தார். எல்லாவற்றையும் கூட்டினால் அரை மணி நேரம் தேறாது. குவாவோ முன் சிறுமி விறைத்து நிற்பது ஆப்பிரிக்க, கரிபியக் குடும்பங்களில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார். அவரும் கறுப்பினத்தவர்தான். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்று பெற்றோர் பின்னால் சொன்னார்கள். கலாசாரத்தை மதிப்பதாக எண்ணிக்கொண்டு ஒரு குழந்தையின் பயத்தைப் படிக்கத் தவறிய இந்த இடம், பல நாட்டு மக்கள் கலந்து வாழும் நகரங்கள் எல்லாவற்றுக்கும் உறுத்த வேண்டிய ஒன்று.

அக்டோபர் 28 சந்திப்பு இன்னும் விசித்திரம். கடும் ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு மட்டுமே நகராட்சி வீடு தர முடியும் என்று சமூகப் பணியாளர் விளக்கினார். விக்டோரியா எழுந்து, என்னையும் அம்மாவையும் நீங்கள் மதிக்கவில்லை, ஏன் எங்களுக்கு வீடு தரவில்லை என்று கத்தினாள். சொல்லிக் கொடுத்துச் சொல்வது போல அவருக்குத் தோன்றியது. நான்கே நாட்களில், மேனிங் சிறுமியிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதாகக் குவாவோ புகார் கொடுத்தாள். மறுநாள் வாபஸ் வாங்கினாள். புகார் உண்மையானால் குழந்தைக்கு ஆபத்து; பொய்யானால் அப்படி ஒரு பொய்யைச் சொன்ன பெண்ணிடம் குழந்தை இருப்பது ஆபத்து. எப்படிப் பார்த்தாலும் விக்டோரியாவைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவள் படுத்தது சூடேற்றும் வசதி இல்லாத குளியலறையில், குளியல் தொட்டிக்குள். கை கால்களைக் கட்டி, கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டு வைத்தார்கள். சாப்பாடும் அங்கேயே, கட்டிய கைகளோடு. அடித்தவை எவை என்பதைக் கோர்ட்டில் பட்டியலிட்டார்கள். சைக்கிள் செயினும் சுத்தியலும் அதில் இருந்தன. டிசம்பரிலும் ஜனவரியிலும் சமூகப் பணியாளர் வந்து கதவைத் தட்டியபோது பதில் வரவில்லை. பிப்ரவரியில் குவாவோ அவளை ஒரு சர்ச்சுக்குக் கூட்டிப் போனாள். சிறுமியைப் பேய் பிடித்திருக்கிறது என்றாள். பேய் விரட்டும் ஜெபத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். அந்த வெள்ளிக்கிழமைதான் பிப்ரவரி 25. முந்தின நாளே விக்டோரியா நினைவிழந்துவிட்டாள். மருத்துவமனையில் சேர்த்தபோது அவள் உடல் வெப்பம் 27 டிகிரி செல்சியஸ். மடங்கியிருந்த கால்களை டாக்டர்களால் நீட்ட முடியவில்லை.

2001 ஜனவரியில் குவாவோவுக்கும் மேனிங்குக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கொலைகாரர்கள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மற்ற கேள்விக்கு பதில் தேட லார்ட் லேமிங் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. சமூக சேவைத் துறையின் தலைமை ஆய்வாளராக இருந்தவர் அவர், உள்விவகாரம் தெரிந்தவர். நான்கு நகராட்சிகளின் சமூக சேவைத் துறைகள், இரண்டு போலீஸ் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகள், இரண்டு மருத்துவமனைகள், ஒரு தொண்டு நிறுவனத்தின் குடும்ப நல மையம் - இத்தனைக்கும் விக்டோரியா தெரிந்தவள். குறைந்தது பன்னிரண்டு முறை அவளைக் காப்பாற்ற வாய்ப்புக் கிடைத்தது என்று 2003 ஜனவரி 28 அன்று வெளியான அறிக்கை எண்ணிக் காட்டியது. பெரிய சாமர்த்தியம் எதுவும் தேவைப்பட்டிருக்காது, அன்றாட வேலையை ஒழுங்காகச் செய்திருந்தாலே போதும் என்றார் லேமிங்.

அவருடைய கோபம் கீழ்மட்ட ஊழியர்கள்மீது அதிகம் பாயவில்லை. அந்தச் சமூகப் பணியாளர் அனுபவம் குறைந்தவர். விதிப்படி பன்னிரண்டுக்கு மேல் கூடாத இடத்தில் பத்தொன்பது கேஸ்களைச் சுமந்தவர். அவரை மேற்பார்வையிட்டவர் ஃபைலைச் சரியாகப் படிக்கவே இல்லை. விசாரணைக்கு வரத் தவறியதற்காக அந்த மேற்பார்வையாளருக்கு 500 பவுண்ட் அபராதம் விழுந்தது. அதற்கும் மேலே இருந்த உயரதிகாரிகள், அன்றாட விவகாரம் எங்கள் மேஜைக்கு வராது என்று வரிசையாக வந்து சொன்னார்கள். லேமிங்குக்குப் பொறுக்காதது அதுதான். சமூகப் பணியாளர் வேலையிழந்தார். குழந்தைகளோடு பணிபுரியவும் தடை வந்தது. 2005-ல் ஒரு தீர்ப்பாயம் தடையை நீக்கியது.

லேமிங் செய்த பரிந்துரைகள் 108. 2004-ல் புதிய குழந்தைகள் சட்டம் வந்தது. ஒவ்வொரு நகராட்சியிலும் குழந்தைகள் சேவைக்கு என்று ஒரே ஒரு பொறுப்பான இயக்குநர், துறைகள் சேர்ந்து உட்காரும் பாதுகாப்பு வாரியம், நாட்டின் எல்லாக் குழந்தைகளின் விவரங்களையும் பதிய ஒரு கம்ப்யூட்டர் தொகுப்பு. அந்தத் தொகுப்பு 2010-ல் வந்த புதிய அரசால் மூடப்பட்டது. துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்ற கண்டுபிடிப்பும் புதிதல்ல. 1973-ல் பிரைட்டனில் மாற்றாந்தகப்பனால் கொல்லப்பட்ட ஏழு வயது மரியா கோல்வெல் பற்றிய விசாரணை அதையே சொல்லியிருந்தது.

சட்டம் வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. 2007-ல், மறுபடியும் ஹாரிங்கே, மறுபடியும் டாட்டன்ஹாம். பதினேழு மாதக் குழந்தை பீட்டர். அவன் பெயர் அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும். ஆபத்தில் இருக்கும் குழந்தைகளின் பட்டியலிலேயே இருந்தது. எட்டு மாதங்களில் அறுபது தடவை யாராவது ஒருவர் அவனைப் பார்த்திருக்கிறார்கள். ஜூலை 30 அன்று சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்தபோது அவன் முகமெல்லாம் சாக்லேட் பூசியிருந்தது. அடியில் இருந்தவை காயங்கள். முகத்தைக் கழுவச் சொன்னார் அவர். கழுவுவதற்காகக் குழந்தையை வெளியே கொண்டு போனார்கள். அவர் கிளம்பும் வரை திரும்பக் கொண்டு வரவில்லை. நான்காவது நாள் பீட்டர் தொட்டிலில் இறந்து கிடந்தான்.