வளைந்துகொடுக்கும் சிவப்பணு

மனித உடலின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களான தந்துகிகள் பலவற்றின் உள்விட்டம் 5 முதல் 8 மைக்ரான் வரைதான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவற்றின் வழியே போக வேண்டிய ரத்தச் சிவப்பணுவின் விட்டமோ சுமார் 8 மைக்ரான். தன்னைவிடக் குறுகலான பாதைக்குள் சிவப்பணு நாளொன்றுக்கு ஆயிரம் தடவைக்கும் மேல் நுழைந்து வெளியேறுகிறது. வளைந்தும் மடங்கியும் நீண்டும் கொடுப்பதால்தான் அதற்கு இது முடிகிறது. திசுக்களுக்கு ஆக்சிஜன் போய்ச் சேருவதற்குச் சிவப்பணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு முக்கியமோ, இந்த நெகிழ்வும் அவ்வளவு முக்கியம். எண்ணிக்கையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நெகிழ்வைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

துளை போடாமல், நடுவில் மட்டும் இருபுறமும் அழுத்திவிட்ட வடையின் வடிவம் சிவப்பணுவுக்கு. அந்த வடிவத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சிவப்பணுவின் கொள்ளளவு ஏறத்தாழ 90 கன மைக்ரான். இதே அளவை ஓர் உருண்டைக்குள் அடைப்பதானால் 97 சதுர மைக்ரான் பரப்புள்ள சவ்வு போதும். சிவப்பணுவிடம் இருப்பதோ சுமார் 140 சதுர மைக்ரான். இப்படி நாற்பது சதவீதத்துக்கும் மேல் சவ்வு உபரியாக இருப்பதால்தான் அணுவால் கிழியாமல் உருமாற முடிகிறது. எலும்பு மஜ்ஜையில் முதிரும்போதே அது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது; ஆகவே வளைவதற்குத் தடையாக உள்ளே கெட்டியான பொருள் எதுவும் இல்லை. சவ்வின் அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் வலைபோல் பின்னியிருக்கிறது. நசுங்கிய அணுவைப் பழைய வடிவத்துக்கு மீட்பது அந்த வலை. உட்கரு இல்லாததற்கு ஒரு விலையும் உண்டு: பழுதான புரதத்துக்குப் பதில் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள அணுவால் முடியாது. ஏறத்தாழ 120 நாளில் அதன் ஆயுள் முடிகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட, எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

இத்தகைய அணுக்கள் பாதியளவுக்கு நிறைந்திருப்பதால் ரத்தம் தண்ணீரைப் போல் ஓடுவதில்லை. ஒரு திரவம் ஓடும்போது தனக்குள்ளேயே காட்டும் எதிர்ப்பைப் பாகுநிலை என்கிறோம். நீரோடு ஒப்பிட்டால் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவின் பாகுநிலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. முழு ரத்தத்தின் பாகுநிலை மூன்று முதல் ஐந்து மடங்கு. நீரின் பாகுநிலை வேகத்தைப் பொறுத்து மாறாது. ரத்தத்தினுடையது மாறும். ஓட்டம் மெதுவானால் சிவப்பணுக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி அடுக்கிக்கொள்கின்றன. ரத்தம் பல மடங்கு கெட்டியாகிறது. ஓட்டம் வேகமெடுத்தால் அடுக்கு கலைகிறது, அணுக்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டுகொள்கின்றன, ரத்தம் இளகுகிறது.

குழாயின் அகலம் செய்யும் மாற்றம் இதைவிடப் பெரிது. ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளவே மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் சோதனை செய்த பிரெஞ்சு மருத்துவர் புவாஸேய், 1840-களில் ஒரு விதியை வெளியிட்டார். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிறது. அப்படியானால் நுண்ணிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ள இதயம் திணற வேண்டுமே? 1931-இல் ஸ்வீடன் நாட்டு ஃபாரேயஸும் லிண்ட்க்விஸ்டும் கண்டறிந்த உண்மை இதற்கு ஓரளவு விடை தருகிறது. 0.3 மில்லிமீட்டருக்கும் குறுகிய குழாய்களில் ரத்தத்தின் பாகுநிலை குறைகிறது. சிவப்பணுக்கள் குழாயின் நடுப்பகுதிக்கு ஒதுங்க, சுவரை ஒட்டி மெல்லிய பிளாஸ்மா படலம் உண்டாகி, உராய்வைத் தணிக்கிறது. நெகிழ்வான அணுக்களால்தான் அப்படி நன்றாக ஒதுங்க முடியும்.

இந்த இயற்பியலின் தடயங்கள் சாதாரண ரத்தப் பரிசோதனை அறிக்கையிலேயே இருக்கின்றன. சென்னைப் பக்கம் சென்னீர்குப்பத்திலோ பூந்தமல்லியிலோ ஆவடியிலோ ரத்தம் கொடுத்தவர் கையில் வரும் தாளில் ஹீமோகுளோபின், பி.சி.வி., எம்.சி.வி., பிளேட்லெட், ஈ.எஸ்.ஆர். என்று பல வரிகள் இருக்கும். பெரும்பாலோர் ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறார்கள். ஈ.எஸ்.ஆர். என்பது செங்குத்தான குழாயில் நிறுத்திய ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழிறங்குகின்றன என்ற அளவு. உடலில் அழற்சியோ தொற்றோ இருந்தால் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் கூடுகின்றன; அவை சிவப்பணுக்களை அடுக்கடுக்காக ஒட்டவைக்கின்றன; கனத்த அடுக்கு விரைவாக இறங்குகிறது. மேலே சொன்ன அதே ஃபாரேயஸ் 1918-இல் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இந்த வேகத்தைக் கவனித்தார். 1921-இல் வெஸ்டர்கிரென் காசநோயாளிகளிடம் அதை அளக்கும் முறையை வகுத்தார். நூறாண்டு கடந்தும் அந்த முறை ஆய்வகங்களில் நிலைத்திருக்கிறது.

பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் பங்கு. ஆண்களுக்கு 40 முதல் 50 சதவீதம், பெண்களுக்கு 36 முதல் 46 சதவீதம் என்பது பொதுவான வரம்பு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், டெங்கு பரவும்போது, இந்த எண்ணை எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். டெங்குவின் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில் வருகிறது. அப்போது ரத்தக் குழாய்களின் சுவர் வழியே பிளாஸ்மா வெளியே கசிகிறது. உள்ளே மிஞ்சும் ரத்தம் கெட்டிப்படுகிறது. 40 ஆக இருந்த பி.சி.வி. 48-ஐத் தொட்டால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடினால், கசிவு மிகுதி என்று பொருள். மருத்துவமனை வராந்தாக்களில் உறவினர்கள் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டுமே கேட்டுப் பதறுகிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் பி.சி.வி. ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்பது உயிர்காக்கும் கேள்வி.

சிவப்பணுக்கள் குறைந்தால் ரத்தம் இளகி எளிதாக ஓடும். ஆனால் ஏந்திச்செல்லும் ஆக்சிஜன் போதாமல் இதயம் வேகமாக உழைக்க வேண்டியிருக்கும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவில் பிறக்கும் அணுக்கள் அளவிலும் சிறியவை, நெகிழ்விலும் குறைந்தவை.

நெகிழ்வை உடலே சோதிக்கும் இடம் மண்ணீரல். அங்கே சிவப்பணு ஏறத்தாழ ஒரு மைக்ரான் அகலமே உள்ள பிளவுகளுக்குள் நுழைந்து வெளிவர வேண்டும். மூப்படைந்து விறைத்த அணு சிக்கிக்கொள்ள, விழுங்கணுக்கள் அதை அழித்துவிடுகின்றன. பரம்பரையாகச் சவ்வுப் புரதத்தில் குறையுள்ளவர்களின் சிவப்பணுக்கள் உபரிச் சவ்வை இழந்து உருண்டையாகிவிடும். அவை அங்கேயே மாட்டி அழிவதால் அவர்களுக்கு ரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் பித்தப்பைக் கற்களும் வருகின்றன. தேவைப்படுவோருக்கு மண்ணீரலை எடுத்துவிட்டால் ரத்தசோகை பெரிதும் நீங்கும். அணுக்கள் அப்போதும் உருண்டையாகவே இருக்கும். அழிக்கும் இடம்தான் இருக்காது.

சிவப்பணு விறைப்பதன் மிகக் கொடிய வடிவம் அரிவாள் செல் ரத்தசோகை. 1910-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இதை முதன்முதலில் விவரித்தார். அது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அந்த எண்ணத்தை உடைத்தது நீலகிரி. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் அங்குள்ள பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்து, அரிவாள் செல் கூறு அவர்களிடம் இருப்பதை 1952-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருளர், பணியர், குறும்பர் போன்ற சமூகங்களில் இந்தக் கூறு பரவலாக இருப்பது பிறகு உறுதிப்பட்டது. மத்திய இந்தியா, குஜராத், ஒடிசா பழங்குடிகளிடமும் அது இருப்பது அடுத்தடுத்துத் தெரியவந்தது.

நோயின் வேர் மிகச் சிறியது. ஆக்சிஜனை ஏந்தும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்ற இன்னொன்று உட்கார்ந்துவிடுகிறது, அவ்வளவே. 1949-இல் லைனஸ் பாலிங்கின் குழு ஹீமோகுளோபின் மூலக்கூறே மாறியிருப்பதைக் காட்டியது. 1950-களின் நடுவில் வெர்னன் இங்ராம் மாறிய இடத்தைக் கண்டுபிடித்தார். ஆக்சிஜனை இறக்கிவைத்ததும் இந்த மாறிய ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு விறைத்த இழைகளாகின்றன. இழைகள் உள்ளிருந்து உந்த, அணு அரிவாள் வடிவில் கோணுகிறது. வளையாத அணு தந்துகியை அடைக்கிறது. அடைபட்ட இடத்துக்கு அப்பால் ஆக்சிஜன் இல்லை. அங்கே வலி தொடங்குகிறது. கை, கால், முதுகு, மார்பு என எலும்பைக் குடையும் அந்த வலி நாள்கணக்கில் நீடிக்கும். குழந்தைகளின் மண்ணீரல் சிறு வயதிலேயே செயலிழப்பதால் தொற்றுகள் எளிதில் உயிரைப் பறிக்கும். பக்கவாதமும் வரலாம். 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் அழிந்துபோகிறது.

இதிலும் ஓட்டத்தின் வேகம் குறுக்கிடுகிறது. ஆக்சிஜன் போன கணமே இழைகள் உருவாகிவிடுவதில்லை; சிறிது தாமதம் இருக்கிறது. அதற்குள் அணு தந்துகியைக் கடந்துவிட்டால் நுரையீரலில் ஆக்சிஜன் பெற்றுத் தப்பிவிடும். அணுவில் நீர் சற்றே வற்றி ஹீமோகுளோபின் செறிவு சிறிது கூடினாலும் இந்தத் தாமதம் பல மடங்கு சுருங்குகிறது. இந்நோய் உள்ளவர்களுக்குத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், குளிரிலும் கடும் உழைப்பிலும் கவனமாக இருக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் தாமதிக்கக் கூடாது என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்றவருக்கே பெரும்பாலும் நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் இயல்பாக வாழ்வார். மலேரியாவின் கொடிய தாக்குதலிலிருந்து அவருக்குப் பாதுகாப்பும் கிடைக்கும். 1954-இல் ஆந்தனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். மலேரியா நெடுங்காலம் ஆட்டிப்படைத்த காடுகளில் இந்த மரபணு தலைமுறைகளாக நிலைத்ததற்கு இதுவே காரணம். மலேரியாவும் சிவப்பணுவின் நெகிழ்வைக் குலைக்கும் நோய்தான். ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணி புகுந்த அணு விறைத்து, குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு மூளையின் தந்துகிகளையும் அடைக்கும். சென்னையில் பெரும்பாலும் காணப்பட்டுவந்த வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி, அணுவை அவ்வாறு விறைக்கச் செய்வதில்லை.

நகரத்தவருக்கு நெருக்கமானது சர்க்கரை நோய். ரத்தத்தில் மிகும் சர்க்கரை ஹீமோகுளோபினிலும் சவ்வுப் புரதங்களிலும் ஒட்டிக்கொள்கிறது. ஹெச்பிஏ1சி சோதனை அளப்பது ஹீமோகுளோபினில் அப்படி ஒட்டியதைத்தான்; சிவப்பணுவின் ஆயுளை ஒட்டியே அது சுமார் மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறது. அரிவாள் செல் நோயாளிக்கு அணுவின் ஆயுள் குறைவு என்பதால் இந்த எண் தவறாகக் குறைத்துக் காட்டக்கூடும். நீண்ட நாள் கட்டுப்படாத சர்க்கரையில் அணுக்களின் நெகிழ்வு குறைகிறது, ஒட்டும் தன்மை கூடுகிறது. விழித்திரை, சிறுநீரகம், பாதம் ஆகியவற்றின் நுண்குழாய்கள் கெடுவதில் இதற்கும் பங்குண்டு.

அரிவாள் செல் நோய்க்கு இன்று மருந்து இருக்கிறது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, கருவில் இருக்கும்போது உருவான வகை ஹீமோகுளோபினை மீண்டும் கூட்டுகிறது. அந்த வகை ஹீமோகுளோபின், மாறிய மூலக்கூறுகள் இழைகளாகக் கோத்துக்கொள்வதைத் தடுக்கிறது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியில் இயங்கும் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் இந்த நோயாளிகளைத் தேடிச் சென்று கவனித்துவருகின்றன. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசியத் திட்டம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதித்து, 2047-க்குள் பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இதை நீக்குவதை இலக்காகக் கொண்டிருக்கிறது. தமிழ்நாடும் அதில் உண்டு. சோதனைக்குச் சில சொட்டு ரத்தம் போதும். நீலகிரிப் பழங்குடிக் குடும்பங்களில் பிறந்து, வேலைக்காகச் சென்னைப் பக்கம் குடியேறியவர்களும் திருமணத்துக்கு முன் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். பச்சிளம் குழந்தைக்கு முதல் வாரங்களிலேயே நோய் தெரிந்துவிட்டால், தடுப்பூசியும் பென்சிலினும் கொடுத்து அதன் உயிரைக் காக்க முடியும்.