கொட்டுகிற மழை கிணற்றுக்கு வருமா?

போன வருஷம் ஐப்பசியில் ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்ததே ஒரு மழை, ஞாபகம் இருக்கா? மறுநாள் நமக்கு லீவு. நான் ஓடிப்போய் எங்கள் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். ஓடையில் செந்தண்ணி புரண்டு ஓடுகிறது, கிணற்றில் ஒரு படி கூட ஏறவில்லை! ஆனால் கார்த்திகையில் ஒரு வாரம் நசநசவென்று தூறியதே, அப்போது ஆறு படி ஏறிவிட்டது. "அடிச்சுப் பெய்யிற மழை ஓடைக்கு, அசந்து பெய்யிற மழை கெணத்துக்கு"ன்னு அப்பத்தா சொன்னாங்க. அது எப்படி என்று அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன்.

மண்ணுக்குத் தண்ணீர் குடிக்க ஒரு வேகம் உண்டு. அதைவிட வேகமாக மழை விழுந்தால் மிச்சம் ஓடிப்போய்விடும். பெரிய துளிகள் மேல்மண்ணை உடைத்து, அந்தத் தூளே மண்ணின் துளைகளை அடைத்துவிடுகிறது. உள்ளே போகிற தண்ணீரையும் முதலில் காய்ந்த மண் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர்கள் உறிஞ்சும். அவை போக மிஞ்சியதுதான் கீழே இறங்கும். அதுவும் இறங்கி வந்து சேர நாளாகும். அதனால் நான் மறுநாளே எட்டிப் பார்த்தது கொஞ்சம் அவசரம்தான்! தமிழ்நாட்டில் ஏறக்குறைய நாலில் மூணு பங்கு நிலம் கடினப் பாறை. பாறை வெடிப்பிலும், மேலே உதிர்ந்துபோன பாறையிலும்தான் தண்ணீர் தங்க முடியும்.

2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அதே சென்னைக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது! இடையில் மழை பொய்த்ததும் காரணம்தான். ஆனாலும் 2015-ல் பெய்ததில் பெரும்பகுதி கடலுக்குத்தானே போச்சு?

சரி, பனி பெய்கிற ஊரில் என்ன நடக்கும்? நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன். இரண்டு பழைய தகரத் தட்டில் காய்ந்த செம்மண்ணைப் பரப்பிச் சாய்த்து வைத்தேன். ஒன்றில் ஒரு டம்ளர் தண்ணீரைச் சடாரென்று ஊற்றினேன். பாதி வழிந்து வாளிக்குள் விழுந்தது. இன்னொன்றில் அதே அளவு தண்ணீரை ஐஸ்கட்டியாக்கி வைத்தேன். மத்தியானம் முழுக்க உருகியது, வாளிக்கு வந்தது நாலைந்து சொட்டுதான். (ஐஸ்கட்டி வாங்கப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ். அத்தைக்கு நன்றி!)

இமயமலையில் விழுகிற பனியும் இப்படித்தான். புதுப்பனி 10 செ.மீ. உருகினால் சுமார் 1 செ.மீ. தண்ணீர்தான் கிடைக்கும். ஆனால் அது வாரக்கணக்கில் கசிகிறது. குளிர்காலத்தில் செடிகளும் அதிகம் குடிப்பதில்லை, வெயிலில் ஆவியாவதும் குறைவு. அதனால் ஊற்றுக்கும் கிணற்றுக்கும் நல்ல பங்கு போய்ச் சேரும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பனி விழும் முன்பே ஈரமண் உறைந்துவிட்டால் துளைகளில் ஐஸ் அடைத்துக்கொள்ளும், உருகிய நீர் மேலேயே ஓடிவிடும். முன்கூட்டியே கனமாகப் பனி மூடினால் அது கம்பளி மாதிரி. அடியில் மண் அவ்வளவாக உறையாது. பனியின் மேல் மழை கொட்டினால் இரண்டும் சேர்ந்து வெள்ளமாகும். பூமி சூடாவதால் பனியாக விழ வேண்டியது பல இடங்களில் மழையாக விழுகிறது. சேமித்து வைக்க வேண்டிய தண்ணீர் குளிர்காலத்திலேயே ஓடிப்போகிறது.

லடாக்கில் சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் ஓடைத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து, பீய்ச்சி உறைய வைத்து, ஸ்தூபி போல ஐஸ் கோபுரம் கட்டினார். விதைப்புக் காலத்தில் அது மெல்ல உருகித் தண்ணீர் தரும். நமக்கு அந்தக் குளிர் இல்லை. நமக்கு வரப்பும், ஏரியும், மழைநீர்க் குழியும்தான் ஐஸ்கட்டி வேலையைச் செய்ய வேண்டும். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 1000 லிட்டர் தண்ணீர்! நம் பள்ளிக் குழியில் வேப்பஞ்சருகு அடைத்திருக்கிறது. சனிக்கிழமை காலை நானும் இன்னும் மூன்று பேரும் அள்ளப் போகிறோம். வருகிறவர்கள் கூடை கொண்டு வரவும்.

இன்று காலை எங்கள் கிணற்றில் 14 படி வெளியே தெரிந்தது. ஐப்பசி பிறந்ததும் மறுபடி எண்ணி இங்கேயே எழுதுகிறேன்.