உப்பில் கிடக்கும் இழை எது?

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் பருத்தி இழைத் துணுக்கு ஒன்று. பாலியெஸ்டர் துணியின் துணுக்கு ஒன்று. நைந்துபோன இவ்விரண்டையும் உருப்பெருக்கியில் பார்த்தால், பழகிய கண்ணும் சில வேளை ஏமாறும்.

உப்பை ஆராய்வோருக்கும் இதே சிக்கல்தான். உப்பை நீரில் கரைத்து வடிகட்டினால் இழைகளும் துகள்களும் வடிதாளில் தங்கும். அவற்றுள் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக்கையே நுண்பிளாஸ்டிக் என்கிறோம். பருத்தியையும் சேர்த்து எண்ணிவிட்டால் கணக்கே பிழையாகும்.

இங்கே அகச்சிவப்புக் கதிர் கைகொடுக்கிறது. மூலக்கூறில் அணுக்களை இணைக்கும் பிணைப்புகள் வில்சுருள்போல் அதிர்கின்றன. ஒவ்வொரு பிணைப்பும் தன் அதிர்வுக்கு ஒத்த கதிரை மட்டும் உறிஞ்சும். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கையால் அக்கதிரைக் குறிப்பர். பாலியெஸ்டரிலுள்ள கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு ஏறத்தாழ 1,715-இல் உறிஞ்சுகிறது. தூய பருத்தியில் அப்பிணைப்பு இல்லை. அதன் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு 3,300-ஐ ஒட்டி அகலமாக உறிஞ்சுகிறது. வரைபடத்தைப் பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்!

தூத்துக்குடி உப்பைப் பற்றி 2020-இல் வெளிவந்த ஆய்வு, பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பாலியெஸ்டர், பாலிஅமைடு ஆகியவற்றை இம்முறையில் அடையாளம் கண்டது. கடல்நீர் உப்பில் இவை மிகுதி. ஆழ்துளைக் கிணற்று நீரில் விளைந்த உப்பில் குறைவு.

சுமார் 10 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களை இம்முறையால் அறிவது கடினம். அங்கே சர் சி. வி. இராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறல் விளைவு உதவுகிறது. 1 மைக்ரோமீட்டர் துகளையும் அது இனங்காட்டும்.

பெயர் தெரிந்தால் பிறப்பிடத்தை ஊகிக்கலாம். பாலியெஸ்டர் இழையென்றால் துணி துவைத்த நீரையும், பாலிஎத்திலீன் என்றால் தூக்கியெறிந்த பையையும் ஐயுறலாம். தடுக்கவேண்டிய இடம் எதுவென்று அப்போதுதானே நமக்குப் புலப்படும்?