பட்டினி மருந்தாகாத விலங்கு

வயிறு மந்தமானால் ஒரு வேளை உணவைத் தவிர்ப்பது தமிழர் இல்லங்களில் வழிவழி வந்த வழக்கமாகும். 'லங்கணம் பரம ஔஷதம்' என்பது முதியோர் வாக்கு. முன் உண்டது செரித்ததை அறிந்த பின்னரே உண்ணுதல் வேண்டும் என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் அறிவுறுத்துகிறது. மக்களுக்கு ஏற்ற இந்நெறியை எல்லா உயிர்க்கும் பொருத்திவிடல் ஆகாது. பட்டினியால் நோய் தீர்வதற்கு மாறாக, உயிருக்கே இறுதி நேரும் விலங்குகளும் உள்ளன. சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் சிலர் செல்லமாக வளர்த்து வரும் சின்சில்லா அவற்றுள் ஒன்று.

மலைநாட்டு உயிர்

சின்சில்லா, கொறிக்கும் இனத்தைச் சேர்ந்த சிறு விலங்கு. வளர்ந்ததன் எடை ஏறத்தாழ அரைக் கிலோ. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரே இதன் தாயகம். மென்மயிருக்காகப் பெருமளவில் வேட்டையாடப்பட்டு இவ்வினம் அருகியது. 1910 இல் சில்லி, பெரு, பொலிவியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகள் உடன்படிக்கை செய்து வேட்டையைத் தடுக்க முற்பட்டன. 1923 இல் மத்தியாஸ் சாப்மன் என்னும் அமெரிக்கர் சில சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டு சென்றார். இன்று வீடுகளில் வளர்வனவற்றுள் பெரும்பாலானவை அவற்றின் வழிவந்தவையே.

சிங்கப்பூரில் முயல், வெள்ளெலி, கினி எலி ஆகியவற்றோடு சின்சில்லாவையும் வளர்க்க அனுமதி உண்டு. முள்ளெலிக்கு அவ்வனுமதி இல்லை. இவற்றையெல்லாம் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் 2019 இல் அமைந்த விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவு கண்காணிக்கிறது.

மாடும் சின்சில்லாவும்

சிராங்கூன் சாலைப் பகுதி முற்காலத்தில் மாட்டு வாணிகத்தால் வளர்ந்தது. பஃபலோ ரோடு என்னும் பெயரும், எருமைக் கொட்டில் எனப் பொருள்படும் 'கண்டாங் கெர்பாவ்' என்னும் மலாய்ப் பெயரும் அதற்குச் சான்று. எனவே, புல் தின்னும் விலங்கின் இயல்பு அவ்வட்டாரத் தமிழர்க்குப் புதியதன்று. மாட்டுக்கு இரைப்பை நான்கு அறைகளை உடையது. விழுங்கிய புல்லை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அது அசைபோடும்.

சின்சில்லாவும் புல்லையே நம்பி வாழ்வதாயினும் அசைபோடுவதில்லை. சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் பை போன்ற குருட்டுக்குடல் அதற்குப் பெரிதாக அமைந்துள்ளது. அங்கு வாழும் நுண்ணுயிர்களே நார்ப்பொருளைப் புளிக்கச் செய்து சத்தாக மாற்றுகின்றன. எஞ்சிய சத்தையும் பெறுதற்பொருட்டுத் தன் கழிவில் ஒரு பகுதியை அது மீண்டும் தின்னும். இது நோயன்று, இயல்பே.

இக்குடல் இடைவிடாது இயங்குவதற்கு நார்ப்பொருள் ஓயாது வந்துகொண்டிருத்தல் வேண்டும். உணவு நின்றால் குடலின் அசைவு தளரும்; நுண்ணுயிர்களின் சமநிலை கெடும்; வாயு திரளும். வாயு திரண்டால் வலி மிகும். வலி மிகுந்தால் பசி மேலும் குன்றும். இவ்வாறு ஒன்றை ஒன்று வளர்க்கும் சுழலில் அவ்வுயிர் சிக்கிக்கொள்கிறது. வாந்தியெடுத்து வயிற்றை ஆற்றிக்கொள்ளவும் அதனால் இயலாது.

பசி குன்றுவதன் காரணங்கள்

முதற் காரணம் உணவே. உலர்ந்த திமோத்திப் புல் எப்பொழுதும் கூண்டில் இருத்தல் வேண்டும். அதுவே தலையாய உணவு. வில்லைத் தீவனம் நாளொன்றுக்கு ஓரிரு மேசைக்கரண்டி போதும். விருந்தினர்க்கு வைக்கும் முந்திரியையும் உலர்திராட்சையையும் அன்பு மிகுதியால் இதற்கும் ஊட்டுவோர் உளர். கொழுப்பும் இனிப்பும் மிகுந்த இவை குடலைக் கெடுத்துப் புல்லின்மேல் உள்ள விருப்பத்தையும் போக்கிவிடும். தீவனத்தைத் திடீரென மாற்றுவதும் தீங்கே. பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்திற்கு மேல் எடுத்துக்கொண்டு மாற்றுதல் நன்று. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் புல் விரைவில் பூசணம் பிடிக்கும். அத்தகைய புல்லை எறிந்துவிடல் வேண்டும்.

இரண்டாவது காரணம் பல். சின்சில்லாவின் முன்பற்களும் கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்வன. முரட்டுப் புல்லை அரைப்பதனால் அவை தேயும். புல் குறைந்தால் பற்கள் மிகுதியாக வளர்ந்து நாவையும் கன்னத்தையும் குத்தக்கூடும். வாயில் நீர் வடிதலும், உணவை நாடி வந்து உண்ணாமல் விலகுதலும் இதன் அடையாளங்கள்.

மூன்றாவது காரணம் வெப்பம். அடர்ந்த மயிர் போர்த்திய இவ்வுயிர்க்கு வியர்வை இல்லை. எனவே, மின்விசிறிக் காற்று மட்டும் அதனைக் குளிர்விக்காது. 28 பாகை செல்சியசை எட்டும் வெப்பமே அதற்கு இடர். சிங்கப்பூரின் பகல் வெப்பமோ பெரும்பாலும் 30 பாகையைத் தாண்டுகிறது. ஆதலால், குளிர்சாதனம் இங்கு அதற்கு ஆடம்பரம் அன்று.

அறிகுறியும் செயலும்

கழிவே நோயை முதலில் உணர்த்தும் சான்றாகும். நலமுள்ள சின்சில்லாவின் கழிவு உலர்ந்து, திரண்ட நெல்மணி போல் இருக்கும். அது சிறுத்தாலோ குறைந்தாலோ குடல் தளர்ந்தது எனக் கொள்க. இவ்விலங்கிற்கு வயிற்றுப்போக்கினும் மலச்சிக்கலே மிகுதி. வயிறு இறுகிப் பருத்து, உடலை நீட்டி நீட்டிப் புரளுமாயின் வாயு திரண்டதெனத் தெளிக. வாரந்தோறும் சமையல் தராசில் நிறுத்து எடையைக் குறித்து வைத்தால், கண்ணுக்குப் புலனாகாத மெலிவும் தெரியவரும்.

அரைநாள் உண்ணாதிருந்தால் கால்நடை மருத்துவரிடம் விரைதல் வேண்டும். குடல் அடைபட்டோ வயிறு ஊதியோ இருக்கையில் வலிந்து ஊட்டுவது கேடு தரும். ஆதலின், மருத்துவர் சோதித்தபின் அவர் கூறும் வண்ணமே குழைத்த புல்லுணவை ஊட்டுக. வீட்டில் எஞ்சிய மருந்துகளைக் கொடுத்தல் அறவே கூடாது. வாய்வழி தரும் பெனிசிலின் போன்றவை, குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிரையே போக்கக்கூடும்.

இரவில் விழித்திருந்து பகலில் உறங்குவது சின்சில்லாவின் இயல்பு. அதனால் அது சோர்ந்து கிடப்பதை உறக்கமெனக் கருதி, மாலை வரை பார்ப்போம் என்று இருந்துவிடுவது எளிது. தட்டில் குறையாத புல்லும் கூண்டின் அடியில் காணாத கழிவும் அக்கருத்தைப் பொய்யாக்கும். சின்சில்லாவைப் பிள்ளைகளுக்கு வாங்கித்தர எண்ணும் பெற்றோர், காலையில் எழுந்ததும் இவ்விரண்டையும் நோக்கும் பழக்கத்தை அப்பிள்ளைகளுக்கு முதலில் கற்பித்தல் நலம்.