பாலங்கள் எழுந்தாலும் படகுகள் ஓயவில்லை

பங்களாதேஷின் அன்றாட வாழ்வை ஆறுகளிலிருந்து பிரித்து நோக்க முடியாது. பத்மா, ஜமுனா, மேக்னா ஆகிய பேராறுகளும் அவற்றின் நூற்றுக்கணக்கான கிளைகளும் அந்நாட்டைத் துண்டு துண்டாகப் பிரிக்கின்றன. அதேவேளை, அத்துண்டுகளை இணைக்கும் பாதைகளாகவும் அவையே விளங்குகின்றன. மழைக்காலத்தில் ஏறக்குறைய 6000 கிலோமீற்றர் நீளமான நீர்வழிகளில் கலங்கள் செல்ல முடிகின்றது. வறட்சிக் காலத்திலோ நீர் வற்றி வண்டல் மேலெழுவதால் அந்நீளம் 4000 கிலோமீற்றரிலும் குறைந்துவிடுகின்றது.

இத்தகைய நாட்டில் வீதியும் புகையிரதப் பாதையும் ஆற்றங்கரையில் முடிவடைவதே நீண்டகால வழமையாக இருந்தது. ஜமுனாவின் கிழக்கே பெரும்பாலும் குறுகிய பாதையிலும் மேற்கே அகலப் பாதையிலும் புகையிரதங்கள் ஓடின. 1998 இல் 4.8 கிலோமீற்றர் நீளமான ஜமுனா பாலம் திறக்கப்பட்டதன் பின்னரே இரு பகுதிகளும் தரைவழியாக இணைந்தன. உலக வங்கி 2012 இல் கடனுதவியை இரத்துச் செய்த நிலையில், சொந்த நிதியிலேயே நிறைவேற்றப்பட்ட 6.15 கிலோமீற்றர் நீளமான பத்மா பாலம் 2022 ஜூனில் திறக்கப்பட்டது. படகுத்துறையில் பல மணிநேரம் காத்துக்கிடந்த தென்மேற்கு மாவட்ட மக்கள் இன்று சில நிமிடங்களில் ஆற்றைக் கடக்கின்றனர். இது பெருமைக்குரிய சாதனை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

எனினும், பாலம் சென்றடையாத மக்கள் அங்கு இன்னும் இலட்சக்கணக்கில் உள்ளனர். போலா, ஹத்தியா போன்ற தீவுகளிலும், ஆண்டுதோறும் தோன்றி மறையும் மணல்திட்டுகளிலும் வாழ்வோருக்குப் பாடசாலையும் சந்தையும் மருத்துவமனையும் படகு வழியாகவே எட்டுகின்றன. நீர் இறைக்கும் இயந்திரங்களைப் பொருத்திய நாட்டுப் படகுகளே அவர்களது பஸ் வண்டிகள். பத்மா பாலத்தின் பின்னர் டாக்காவின் சதர்காட் துறையிலிருந்து பரிசால் செல்லும் லோஞ்ச்களில் பயணிகள் குறைந்தனர், சேவைகளும் சுருங்கின. வருமானம் குறைந்த உரிமையாளர் முதலில் கைவைப்பது பராமரிப்புச் செலவிலேயே என்பதுதான் எமது கவலை.

இக்கவலைக்குப் போதிய காரணமுண்டு. 2003 இல் மேக்னாவில் மூழ்கிய நஸ்ரின் கலம் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. 2014 இல் பினாக்-6 அளவுக்கு மீறிய பயணிகளுடன் பத்மாவில் மூழ்கியது. 2021 டிசம்பரில் சுகந்தா ஆற்றில் அபிஜான்-10 நள்ளிரவு கடந்த வேளையில் தீப்பற்றியதில் 40 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒவ்வொரு அனர்த்தத்தின் பின்னரும் விசாரணைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஆனால், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவதும் தகுதியற்ற கலங்களை ஓட்டுவதும் முற்றாக ஒழிந்தபாடில்லை.

பாலத்துக்குத் திறப்புவிழா உண்டு. படகுத்துறையின் கண்காணிப்புக்கு விழா எதுவுமில்லை. எனவே அது இலகுவில் மறக்கப்பட்டுவிடுகின்றது. பாலத்தைக் கட்டிமுடித்த அதே உறுதியுடன், ஆற்றை அகழ்ந்து ஆழப்படுத்துவதிலும், கலங்களைச் சோதிப்பதிலும், உயிர்காப்பு அங்கிகளை உறுதிப்படுத்துவதிலும் அந்நாட்டு அரசு ஈடுபட வேண்டும். ஆற்றை நம்பி வாழும் ஏழை மக்களின் உயிரும் வீதியில் செல்வோரின் உயிருக்குச் சமமாக மதிக்கப்படுவதே உண்மையான அபிவிருத்தியாகும்.