வீட்டில் தச்சுப் பட்டறை: இடம் பிடிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆசாரிக்காகக் காத்திருந்து அலுத்துப்போய், நாமே ஒரு அலமாரி செய்து பார்த்தால் என்ன என்று கிளம்புகிறவர்கள் நகரங்களில் பெருகிவிட்டார்கள். கட்டிங் மெஷின், டிரில், ரௌட்டர் எல்லாம் ஆர்டர் போட்ட இரண்டு மூன்று நாளில் வாசலுக்கு வந்துவிடுகின்றன. இடம்தான் வருவதில்லை. உடனே அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கார் பார்க்கிங், மாடிப்படிக்கு அடி, மொட்டை மாடி என்று சுற்ற ஆரம்பிக்கிறோம். எத்தனை சதுர அடி என்பதைவிட முந்திக் கேட்க வேண்டிய கேள்வி, அந்த இடம் யாருடையது என்பது. அங்கிருந்து கிளம்பும் சத்தமும் தூசியும் யார் வீட்டுக்குள் போய் விழும் என்பது அடுத்த கேள்வி. போலீஸ் நிலையம் வரை போகும் தகராறுகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் கேட்காமல் விட்டதால் வருபவை.

அடுக்குமாடியில் எல்லோர் கண்ணும் முதலில் போவது தூண்தளப் பார்க்கிங் மீது. பத்திரத்தில் நமக்கென்று ஒதுக்கிய இடம்தானே, கார் இல்லாதவர் அங்கே மேசை போட்டால் என்ன தப்பு என்று தோன்றும். ஒதுக்கீடு வண்டி நிறுத்தத்தான். அனுமதி பெற்ற வரைபடத்தில் பார்க்கிங் என்று காட்டிய இடத்தைப் பட்டறை ஆக்கினால் அது வரைபட மீறல். 2010-இல் மும்பை வழக்கொன்றில், தூண்தளப் பார்க்கிங் பொதுப் பகுதி, கட்டுநர் அதைத் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்ன தீர்ப்புதான். ஆனாலும் பொது இடத்தை ஒருவர் வளைத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இங்கும் அதை எடுத்துக்காட்டுவார்கள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 பொதுப் பகுதிகளை எல்லா உரிமையாளர்களுக்கும் கூட்டாகத்தான் தருகிறது. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மேசையை விரித்து, வேலை முடிந்ததும் மடித்து எடுத்துவிடுவதாக இருந்தால், சங்கக் கூட்டத்தில் கேட்டு, தீர்மானமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செயலாளர் வாய்வார்த்தையாகச் சொன்ன சம்மதம் அடுத்த செயலாளர் வரும்வரைதான் செல்லும்.

மாடிப்படிக்கு அடியில் உள்ள இடத்தை ஆசையோடு பார்ப்பவர்கள், முதலில் அங்கே சுவரில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊர்க் கட்டடங்கள் பலவற்றில் ஈ.பி. மீட்டர் பலகை அங்கேதான் இருக்கிறது. அதன் கீழே பிளைவுட் துண்டுகள், ஒரு மூட்டை மரத்தூள், பாதி தீர்ந்த தின்னர் டப்பா. மீட்டர் பலகையில் ஒரு லூஸ் கனெக்‌ஷன் பொறி கக்கினால் போதும். மேலே இருப்பவர்கள் இறங்கி ஓடவும் அந்தப் படிதான் ஒரே வழி. சட்டத்தை விடுங்கள், இதை எந்தக் காரணம் கொண்டும் செய்யக் கூடாது. அக்கம்பக்கத்தில் யாராவது செய்திருந்தால் அதைச் சுட்டிக்காட்டுவதை வம்பு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தனி வீட்டுக்காரர்களுக்குப் பக்கவாட்டுச் சந்து கைகொடுக்கும் போலத் தெரியும். அது கட்டட விதிகள் காலியாக விடச் சொன்ன இடம். அதன் மேல் தகரக் கூரை போட்டு இரு பக்கமும் அடைத்தால், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி கேள்வி வரும். பக்கத்து வீட்டு ஜன்னலும் பெரும்பாலும் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் இருக்கும். மொட்டை மாடி காற்றோட்டத்துக்கு நல்லது. ஆனால் நிலையான கூரை போடுவதாக இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அடுக்குமாடியில் மொட்டை மாடியும் பொதுவானது. ஐப்பசி மழை பிளைவுட்டை ஊத வைக்கும், சித்திரை வெயில் பலகையை நெளிய வைக்கும். மரத்தைக் கீழே வைத்துவிட்டு வேலையை மட்டும் மாடியில் பார்ப்பது நல்லது. எதுவும் தோதுப்படாதவர்களுக்கு ஜன்னலும் கதவும் உள்ள ஒரு சின்ன அறை, பத்துக்கு எட்டு இருந்தால்கூடப் போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியிருக்கிறது. வீட்டுக்காரரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எழுப்புவதும், பொதுத் தொல்லை தரும்படியோ கட்டடத்துக்குச் சேதம் வரும்படியோ வீட்டைப் பயன்படுத்துவதும் காலிசெய்யச் சொல்வதற்கான காரணங்கள். ஆகவே, ‘பொழுதுபோக்குக்காகத் தச்சு வேலை செய்ய வாடகைதாரருக்கு அனுமதி உண்டு, சுவரில் துளையிட்டால் காலிசெய்யும்போது அடைத்துத் தர வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கரண்டையோ தண்ணீரையோ அவர் நிறுத்த முடியாது. அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை அந்தச் சட்டமே தடை செய்கிறது. அப்படி நடந்தால், வாடகைச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்டிருக்கும் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.

இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிளைவுட் முழு ஷீட் எட்டுக்கு நான்கு அடி. அதை மேசை ரம்பத்தில் நீளவாக்கில் அறுக்க, ரம்பத்துக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி, நாம் நிற்க ஒரு ரெண்டடி. பதினெட்டு அடி நீள அறை எத்தனை வீட்டில் இருக்கிறது? அளவுச்சீட்டை எழுதிக்கொண்டு போனால், பெரிய பிளைவுட் கடைகளில் பேனல் ரம்பத்தில் வைத்துச் சின்னக் கூலிக்கு அறுத்தே தருகிறார்கள். பெரிய அறுப்பு கடையோடு போய்விடுவதால் வீட்டில் பாதி சத்தம், பாதி தூசி, பாதி இடப் பிரச்சினை அன்றே தீர்ந்துவிடும். நான் யாருக்காவது ஒரே ஒரு யோசனை சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். மேசை ரம்பமே வாங்காதீர்கள்.

பிறகு மிஞ்சுவது இழைப்பு, துளை, பொருத்து, பாலிஷ். இதற்கு ஒரு கெட்டியான மேசை வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம் சரியாக இருக்கும். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம் வரும்படி போட்டால், வலக்கைக்காரருக்குக் கோட்டின் மேல் நிழல் விழாது. உளி, சுத்தியல், கிளாம்ப் எல்லாம் சுவரில். பலகைகள் தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல். இல்லையென்றால் கரையானுக்கு நாமே படி போட்டுக் கொடுத்ததாகிவிடும். தீயணைப்பான் கதவருகே மாட்டப்பட வேண்டும், உள்மூலையில் அல்ல. தீப்பிடித்த மூலைக்குள் போய் அதை எடுத்துவர யாராலும் முடியாது. குழந்தைகள் உள்ள வீட்டில் அறைக்குப் பூட்டு, பூட்டு இல்லாவிட்டால் மெயின் சுவிட்சுக்காவது பூட்டு.

சத்தத்தைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இரவு பத்து மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் சத்தம் போடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. கையில் பிடிக்கும் வட்ட ரம்பம் இயக்குபவர் காதில் சுமார் 100 டெசிபல் போடும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும் என்று கணக்கு வைத்தால், ஒரு மீட்டரில் 100 என்பது எட்டு மீட்டர் தள்ளியிருக்கும் எதிர்வீட்டு வாசலில் இன்னும் 82. விதிகளில் உள்ளது நேரச் சராசரி என்பதால், ஐந்து நிமிட அறுப்பு மீறல் ஆகாமல் போகலாம். நாள்தோறும் இரண்டு மணி நேரம் ரௌட்டர் ஓட்டினால் சராசரியே காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் இருப்பவர்களுக்கு அமைதி மண்டல வரம்பு இன்னும் கடுமை.

இந்தக் கட்டுரையைப் படிப்பவர் பட்டறைக்காரராக இல்லாமல் அடுத்த வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அவருக்கும் வழி இருக்கிறது. சத்தம் வரம்பைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் தாண்டினாலோ, இரவுக் கட்டுப்பாடு மீறப்பட்டாலோ விதிகளின் கீழ் காவல் துறையிடம் புகார் தரலாம். உடனடித் தொல்லைக்கு 100. தெருவே அவதிப்படுகிறது என்றால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, தொல்லையை நீக்க நிபந்தனை உத்தரவு கேட்கலாம். அவதி ஒரே ஒரு வீட்டுக்குத்தான் என்றால் அந்தப் பிரிவு அவ்வளவாக உதவாது. உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்பதுதான் வழி. எந்த வழியில் போனாலும் தேதி, நேரம், எவ்வளவு நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவர் பேச்சுக்குத்தான் மதிப்பு. ஆனால் பட்டறையின் ஃபியூஸைப் பிடுங்குவதும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவதும் புகார்தாரரையே குற்றவாளி ஆக்கிவிடும்.

தூசியைச் சாதாரணமாக நினைக்கிறோம். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே சேர்த்துவிட்டது. மூக்கிலும் அதைச் சுற்றிய எலும்புக் குழிகளிலும் வரும் புற்று அது. எம்.டி.எஃப் பலகைகளில் பிசினாகச் சேரும் ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவில்தான். கண்ணுக்குத் தெரியும் சீவல் பெரிய தொல்லை தராது. தேய்ப்புத் தாள் போடும்போது எழுந்து, வெயில் கதிரில் மட்டும் தெரிகிற புகை போன்ற நுண்தூள்தான் நுரையீரல் வரை போகும். துணி மாஸ்க் அதற்குப் போதாது, என்-95 வேண்டும். மெஷினோடு வாக்குவம் இணைத்தால் தூள் கிளம்பும் இடத்திலேயே பிடிபடும். எம்.டி.எஃப் தூளை அடுப்பெரிக்கவோ மாட்டுக்கொட்டகைக்கோ கொடுக்காதீர்கள். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைத்துவிட்டுப் போடுங்கள்.

இனி ஆபத்தின் உச்சம். நான்கு அங்குல மார்பிள் கட்டரைப் பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாகத் திருகி, பிளேடு மட்டும் மேலே எட்டிப்பார்க்க, சுவிட்சைக் கயிறு போட்டு அழுத்திக் கட்டி, ‘டேபிள்’ என்று சொல்லிக்கொள்வது நம் ஊர் வழக்கம். தொழில்முறை ஆசாரிகளே இப்படிச் செய்கிறார்கள். நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்று ஓடும் பிளேடுக்கு மூடி கிடையாது, மரம் பிளேடைக் கவ்வாமல் இருக்கப் பின்னால் நிற்க வேண்டிய பிரிப்புத் தகடும் கிடையாது. மரம் கவ்வியதும் பலகை நம்மை நோக்கிப் பாயும், கை பிளேடுக்குப் போகும். கையுறை காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். அது பிளேடில் சிக்கி விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108-ஐ அழையுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீருக்குள் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் திசு செத்துவிடும். ஒட்டுவதற்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு நாடறிந்தது, கோவையில் கங்கா மருத்துவமனை. உங்கள் ஊரில் இந்த அறுவை எங்கே நடக்கிறது என்று மெஷின் வாங்கும் அன்றே விசாரித்து, சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கடைசியாகக் கரண்ட். 1,600 வாட் ரௌட்டரும் 1,200 வாட் வாக்குவமும் சேர்ந்தால் 12 ஆம்பியருக்கு மேல். இதை ஃபேன், லைட்டுக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில், சுருட்டிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினால் ஒயர் உருகும். தனி 16 ஆம்பியர் பாயின்ட், எர்த், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இவ்வளவும் கட்டாயம்.

வீட்டுக்காகச் செய்யும்வரை வீட்டு இணைப்பு போதும். நாற்காலி விற்றுக் காசு வாங்க ஆரம்பித்ததும் கதை மாறுகிறது. வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு. எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள். குடிசைத் தொழில், நுண்தொழிலுக்கென்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. முன்கூட்டியே விண்ணப்பித்து அதற்கு மாறிக்கொள்ளலாம். நுண்தொழிலுக்கான உத்யம் பதிவு அரசின் தளத்தில் இலவசம், அதற்குக் காசு கேட்கும் ஏஜென்ட்டை நம்ப வேண்டாம். உள்ளாட்சியில் தொழில் உரிமமும் கேட்பார்கள். உருட்டு மரம் அறுக்கும் எண்ணம் இருந்தால் அது வனத்துறை விவகாரம். பலகையாக வாங்கும்போதும், முக்கியமாகத் தேக்கு, ஈட்டிக்கு, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

பொழுதுபோக்குக்காகச் செய்பவருக்கே தவறாக 126 நோட்டீஸ் வந்துவிட்டால், முதலில் வருவது தற்காலிக மதிப்பீடுதான். விற்பனை இல்லை என்பதற்கான ஆதாரத்தோடு மதிப்பீட்டு அதிகாரியிடம் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். இறுதி உத்தரவும் பாதகமாக வந்தால், 127-ஆம் பிரிவின்படி 30 நாளுக்குள், தொகையில் பாதியைக் கட்டி மேல்முறையீடு செய்யலாம். நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கோ சிவில் கோர்ட்டுக்கோ அலைந்து அந்த 30 நாளைத் தொலைத்துவிடாதீர்கள், இந்த வகை மதிப்பீட்டை இரண்டு இடத்திலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.